மைத்துனன் வண்டிக்கு ஒரு முன் சக்கரம்

அந்த வண்டியை எங்கள் சொந்தபந்தத்தில் யாரும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒட்டகம் என்பார்கள். என் மனைவியின் தம்பி, அதாவது என் மைத்துனன், மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து அதைப் பழசாக வாங்கி வந்தான். மலைப்பாதையிலும் ஓடைக்குள்ளும் ஓட்டுவதற்கென்று வடக்கே ஒரு கம்பெனி கொஞ்ச காலம் தயாரித்துப் பார்த்துவிட்டு, விற்கவில்லை என்று நிறுத்திவிட்ட மோட்டார் சைக்கிள் அது. சீட்டு இடுப்புக்கு மேலே நிற்கும். முன் மட்கார்டு டயரை ஒட்டி இல்லாமல் ஒரு முழம் உயரத்தில் கொக்கு மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். முன் சக்கரம் பெரிசு, பின் சக்கரம் சிறிசு. அலங்காநல்லூருக்கு மேற்கே இருக்கும் அவர்கள் ஊருக்குள் அது முதல் தடவை நுழைந்தபோது, "ஏணி எங்கடா மாப்ள?" என்று கூட்டாளிகள் கேலி பண்ணினார்கள். அவன் சிரித்துக்கொண்டே காலை வீசிப் போட்டு ஏறி, வாய்க்கால் கரை மேலேயே ஓட்டிக்கொண்டு போனான்.

என் மாமனாருக்கு அந்த வண்டியைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. அவர் நெல்லும் கரும்பும் போடுகிற சம்சாரி. இரண்டு பிள்ளைகளில் மூத்தவளை எனக்குக் கட்டிக் கொடுத்து ஆனையூருக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தது அந்த ஒரு பையன். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும் வரை மனுசன் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். வந்துவிட்டான் என்றால் உடனே திட்ட ஆரம்பித்துவிடுவார். பயத்தை அவருக்குத் திட்டித்தான் காட்டத் தெரியும்.

ஒரு நாள் பையன் பாலத்துக் கல்லில் மோதிவிட்டான். அவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. முன் சக்கரம் மட்டும் நசுங்கி எட்டு போல வளைந்துவிட்டது. ரிம்மைத் தட்டி நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று எல்லா மெக்கானிக்கும் சொல்லிவிட்டார்கள். அது இருபத்தொரு இன்ச் சக்கரம். நம் ஊரில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் பதினெட்டு, பதினேழு. எங்கே போய்த் தேடுவது? அவன் விடவில்லை. டவுனில் அலைந்து, மலை எஸ்டேட்டுகளிலிருந்து பழைய சாமான் எடுத்து வருகிற ஒரு கடைக்காரரைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்குள் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்திருந்தது. டிப்ளமா படித்துவிட்டு ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்த வேலை. வேலையில் சேர இன்னும் நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் ஊரில்தான் இருந்தோம். அப்பாவிடம் அவன் சக்கரப் பேச்சை எடுத்தான்.

"அப்பா, எட்டு மணிக்கு உள்ள இருக்கணும்ப்பா. இங்க இருந்து மூணு பஸ் மாறணும். சக்கரம் மட்டும் வந்துட்டா நான் பாட்டுக்கு வண்டியிலயே போயிருவேன்."

"சக்கரமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். அந்தச் சனியன் அப்படியே கெடக்கட்டும். ஊரு சனமெல்லாம் பஸ்ஸுல போகலயா? விடியல்ல எந்திரி. பஸ்ஸுல போ."

அத்தை சாதம் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. மாமா சொன்னதில் அன்று யாருக்கும் தப்புத் தெரியவில்லை. அந்த ஒட்டகத்தை அந்த ரோட்டில் ஓட்டிக்கொண்டு தினமும் கப்பலூர் போய் வருவதென்றால் எந்த அப்பன் சரி என்பான்?

வேலையில் சேரப் போன முதல் நாள் காலையில் அவன் ஏறிய மினி பஸ், ஊரைத் தாண்டி வாய்க்கால் வளைவில் கவிழ்ந்தது. நிறையப் பேருக்குக் கை கால் முறிவு. செத்தது அவன் ஒருவன்தான்.

துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். பஸ் டிரைவரை ஏசினார்கள், வாய்க்காலுக்குத் தடுப்புச்சுவர் கட்டாதவர்களை ஏசினார்கள். மாமா துண்டை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "பஸ்ஸுல போ" என்று அவர் சொன்ன வார்த்தை எங்கள் நான்கு பேருக்குத்தான் தெரியும். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்குள் போனாலே எனக்கு மூச்சு முட்டும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் கத்திவிடுவேன். கத்தித் தீர்க்கிற ஆளுக்கு அந்த மாதிரி அமைதி ஆகவே ஆகாது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை மாமா ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காபிகூடக் குடிக்கவில்லை.

"மாப்ள, இன்னைக்கு லீவுதானே? டவுன்ல ஒரு சாமான் பாக்கணும். கூட வாரீங்களா?"

"என்ன சாமான் மாமா?"

"வண்டிக்கு முன் சக்கரம்."

எனக்குச் சுருக்கென்றது. வண்டியை விற்கப் போகிறார், அதற்காகச் சரி பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "யாருக்காச்சும் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். அதற்கு மேல் மாமனாரிடம் மாப்பிள்ளை குடைந்து கேட்க முடியுமா? என் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெளி வீதிகளில் ஒரு கடை விடவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். வண்டியின் பெயரைச் சொன்னதுமே பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டார்கள். ஒரு கடையில் இருபத்தொரு இன்ச் என்றதும், "சைக்கிள் கடைக்குப் போங்கண்ணே, அங்க இதவிடப் பெருசாவே இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் கையை ஓங்காத குறைதான். மாமா என் தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்தார். முனிச்சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக் மட்டும் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். பெரிய சக்கரம் கிடைக்காது, பதினெட்டையே போட்டுவிடலாம், அச்சுக்கு ஒரு புஷ் கடைந்து மாட்டினால் பொருந்திக்கொள்ளும், என்ன, வண்டி முன்னால் கொஞ்சம் குனிந்தாற்போல நிற்கும், அவ்வளவுதான் என்றார். எனக்கு அதுவே பெரிய காரியமாகப் பட்டது. பேசாமல் இதை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது.

"வேணாம்" என்றார் மாமா.

"ஏன் மாமா? ஓடுனாப் போதாதா?"

"அவன் கேட்டது அது இல்ல மாப்ள."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வண்டியை யாரும் ஓட்டப் போவதில்லை, யாருக்கும் விற்கப் போவதும் இல்லை. பையன் கேட்டதை வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுக்க ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வெயிலில் அலைந்தார். அதற்குப் பிறகு அன்று நான் யாரிடமும் எரிந்து விழவில்லை.

தெற்குவாசல் தாண்டி ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. மைத்துனன் கண்டுபிடித்து வைத்திருந்த கடை அதுதான் என்று போகும்போது எங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் சௌராஷ்டிரக்காரர். உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்த தம்பியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். வண்டியின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அந்த வண்டியா! ஒரு தம்பி வந்து கேட்டாரே, உசரமா, சிரிச்ச முகமா? எஸ்டேட்டுல சொல்லி எடுத்துவரவான்னு கேட்டேன். வீட்டுல கேட்டுட்டு வாரேன்னு போனாரு. அப்புறம் ஆளையே காணோம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அப்பா" என்றார் மாமா.

"அப்படியா! தம்பி நல்லா இருக்காரா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கான். கப்பலூர்ல வேலைக்குப் போறான். அதான் வர நேரமில்ல. நீங்க எடுத்துவரச் சொல்லுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்."

வெளியே வந்ததும் டீ குடித்தோம். மாமா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் போயிருக்கும். சக்கரம் வந்ததா என்று கேட்டுப் பார்க்கலாமே என்று ஆபீஸ் முடிந்து நானாக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூல் போட்டார்.

"பெரியவர் வாரா வாரம் வாராரே, உங்ககிட்ட சொல்லலையா? வந்தா ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டுத்தான் போவாரு. எல்லாம் பையன் பேச்சுதான். மொதல் மாசச் சம்பளத்துல அம்மாவுக்குச் சேலை எடுத்தாராமே? இந்தக் காலத்துல யாரு சார் எடுக்குறா! பஸ்ஸுல நின்னுக்கிட்டே போய் வாரதுதான் பாவமா இருக்காம். சக்கரம் வந்துட்டா வண்டியிலயே போயிருவான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் எஸ்டேட்டுக்கு ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டேன்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல மனுசன், அவரை இப்படி ஏமாற்றுவது சரியா? ஆனால் சொன்னால் என்ன ஆகும்? உலகத்தில் இந்த ஒரு கடையில்தான் என் மைத்துனன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான், சம்பளம் வாங்குகிறான், அம்மாவுக்குச் சேலை எடுக்கிறான். அதை நான் எந்த வாயால் இல்லை என்பது? "ஆமாங்க, நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவுக்குப் புத்தி பிசகிப் போச்சாங்க?" என்றாள். இல்லை, புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் அவருக்குக் கஷ்டம் என்றேன்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் மாமா ஊரிலிருந்து போன் பண்ணினார். சக்கரம் வந்துவிட்டது, அவரே போய் வாங்கி வந்துவிட்டார், நான் வந்து மாட்டிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனோம். தொழுவத்துப் பக்கம் ஒட்டகத்தைச் சுற்றியிருந்த சாக்கை எடுத்துவிட்டுக் கழுவி வைத்திருந்தார். பக்கத்தில் சுவரில் இரண்டு சக்கரங்கள் சாய்ந்திருந்தன. நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். இருபத்தொரு இன்ச். இன்னொன்றையும் தூக்கிப் பார்த்தேன். அதுவும் இருபத்தொரு இன்ச்.

"மாமா, ரெண்டுமே முன் சக்கரம்ல?"

"ஆமா. ஜோடியா வாங்கிட்டேன்."

"பின்னாடிச் சக்கரம் நல்லாத்தானே இருக்கு? இது பின்னாடி பொருந்தாது மாமா. அது சின்னது."

அவர் வண்டியைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார். எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் மாட்டுவண்டிக்குச் சக்கரத்தை ஒற்றையாக மாற்றவே மாட்டார்கள். பழசும் புதுசும் சேர்ந்து உருண்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மாட்டுக்குக் கழுத்து வலிக்கும். ஒன்று போனால் இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே ஆசாரி செய்த ஜோடியைத்தான் மாட்டுவார்கள். கடைக்காரர் ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறார். எஸ்டேட்டில் இரண்டு பழைய வண்டிகள் கிடந்ததால் இரண்டு சக்கரம் வந்திருந்தது. மாமா கேட்கவில்லை. பையனுக்குச் செய்வதைக் குறையாகச் செய்யக் கூடாது என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு, பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

நான் சிரித்திருக்கலாம், ஸ்டெப்னியாக இருக்கட்டும் மாமா என்று சொல்லி முடித்திருக்கலாம். அதற்குள் அத்தை தண்ணீர்ச் செம்போடு அங்கே வந்துவிட்டார். இரண்டு சக்கரத்தையும் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"ஜோடியா வாங்கியாந்தீகளா? ஏன்யா, செத்தவனுக்கு ஜோடிச் சக்கரமா? எம்புள்ள உசுரோட நின்னு கேட்டானே, ஒத்தச் சக்கரம் கேட்டானே! அப்ப எங்க போச்சு இம்புட்டுப் பாசம்? பஸ்ஸுல போன்னு சொன்ன வாயிதானே இது!"

அத்தனை மாதமாக யாரும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். என் மனைவி ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மாமா ஒரு அடிகூட நகரவில்லை. "ஆமா, சொன்னேன்" என்றார். "நான்தான் சொன்னேன்." அதைக் கேட்டதும் அத்தையின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையைப் பார்க்க முடியாமல் நான் குனிந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன்.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து மதியத்துக்குள் மாட்டிவிட்டோம். அச்சு இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ஆட்டமே இல்லை. பிளக்கைத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் படுத்திருந்த அத்தை அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வண்டியை அணைத்துவிட்டேன். அன்று இரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் திங்கட்கிழமை. நன்றாக விடிந்திருந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மாமா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மாப்ள, கப்பலூர் வரைக்கும் போயிட்டு வருவமா? இந்த வண்டியிலயே."

முடியாது என்று எந்த மனுசனால் சொல்ல முடியும்? சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போட முடியாமல் அவர் தடுமாறினார். வாசலில் நின்ற அத்தை வந்து அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "மெதுவாப் போங்க" என்று என்னிடம் சொன்னார். மாமாவின் தோள் துண்டைச் சரி பண்ணி விட்டார்.

வாய்க்கால் வளைவு வந்தபோது நான் வேகத்தைக் குறைத்தேன். என் தோளில் இருந்த கை இறுகியது. "நிறுத்தாதீங்க மாப்ள, நேரமாச்சு" என்றார். அலங்காநல்லூர் தாண்டி, டவுனுக்குள் புகுந்து, பெரியார் பஸ் நிலைய நெரிசலில் நீந்தி, திருப்பரங்குன்றம் கடந்து திருமங்கலம் ரோட்டைப் பிடித்தேன். அந்த வண்டியை நான் அதற்கு முன் ஓட்டியதே இல்லை. பெரிய முன் சக்கரம் பள்ளம் மேடு ஒன்றையும் எங்களுக்குத் தெரியவிடாமல் விழுங்கிக்கொண்டு போனது. இதற்காகத்தான் பையன் அப்படி அடம் பிடித்தான் என்று எனக்கே அன்றுதான் புரிந்தது.

கப்பலூரில் அந்தத் தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்தினேன். வேலைக்கு வந்தவர்கள் டிபன் டப்பாவோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் சின்னப் பையன்கள். மாமா இறங்கி கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொருவரையும் பார்த்தார். வாட்ச்மேன் வந்தார்.

"யாருண்ணே வேணும்?"

"பையன வேலைக்குக் கொண்டாந்து விட வந்தோம்."

வாட்ச்மேன் உள்ளே போகிற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் யாரோ ஒருவன் என்று நினைத்திருக்க வேண்டும். "சரிண்ணே, ஓரமா நில்லுங்க, லாரி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மணிச் சங்கு ஊதியது. கேட்டைச் சாத்தினார்கள்.

மாமா என்னிடம் வந்தார்.

"மாப்ள, வீட்டுல இருந்து கெளம்பி எம்புட்டு நேரம் ஆச்சு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "ஒரு மணி நேரம்கூட ஆகல மாமா."

"அம்புட்டுத்தானா?"

நான் தலையசைத்தேன்.

"ஒரு மணி நேரந்தானா? பத்திரமா வந்து சேந்துட்டோமே. அம்புட்டுத்தானா மாப்ள?"

அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு ரோட்டோரத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆமாம் மாமா, அம்புட்டுத்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.